நாளந்தாவைக் கழுவி வைத்த கதை

நான் விமானம் துப்புரவாக்குகிறவள். வெளியில் நின்று தண்ணீர் அடிக்கிற வேலை இல்லை, உள்ளே. டோர்வல் விமான நிலையத்தில் விமானம் வந்து நின்று, கடைசிப் பயணி தன் பையை இழுத்துக்கொண்டு இறங்கின கையோடு நாங்கள் நாலு பேர் பின்கதவால் ஏறுவோம். அடுத்த ஆட்கள் ஏறுவதற்குள் அந்த நீட்டுக் கூடம் ஒருவரும் ஒருபோதும் இருந்து எழும்பாத இடமாக மாறிவிட வேண்டும். பிஸ்கட் தூள், தலைமயிர், கண்ணாடியில் பிள்ளைகள் நக்கின அடையாளம் எல்லாம் போய்விடும். பதினாறு வருடமாக இதுதான் தொழில். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை சுப்பவைசர் என் பின்னால் விட்டு, "இவவின்ரை கையைப் பாருங்கோ" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தத் தலைக்கனம்தான் என்னை நாளந்தாவில் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

ஐம்பத்திமூன்று வயதில் நான் ஏன் நாளந்தாவுக்குள் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் பட்டம் வாங்கினாள். எல்லாரும் படம் எடுத்தோம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் எனக்குப் பொறாமை. பெற்ற பிள்ளையிடம் பொறாமைப்படலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், பட்டேன். அவளுடைய தொப்பியை வாங்கி ஒரு நிமிடம் என் தலையில் வைத்துப் பார்த்தேன். "அம்மா, பின்னுக்கு ஆக்கள் பாக்கினம், தாங்கோ" என்று பறித்துக்கொண்டாள்.

நானும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் கம்பஸுக்குப் போனவள். வரலாறு, முதலாம் வருடம். பரீட்சைக்குத் திகதி போட்டார்கள், பிறகு தள்ளிப் போட்டார்கள், பிறகு திகதி போட அங்கே ஆளில்லை, பரீட்சை எழுத நாங்களும் இல்லை. அந்த முதலாம் வருடம் அப்படியே நின்றுபோனது. அனுமதிக் கடிதம், அடையாள அட்டை எல்லாம் எந்த இடப்பெயர்வில் எந்தப் பெட்டியோடு போயின என்று எனக்கே தெரியாது.

மகளின் பட்டமளிப்பு முடிந்த அடுத்த கிழமை நான் ஒருவருக்கும் சொல்லாமல் பல்கலைக்கழகத்து அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கதைத்தது. முன்பு எங்கே படித்தீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம். எழுதினேன். அதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டது. இல்லை என்றேன். "அப்படியானால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், மடம்" என்றது. வேறு ஒரு வழியும் சொன்னது. கடதாசி இல்லாத பெரியவர்கள் ஒரே ஒரு பாடத்தை எடுத்துப் படிக்கலாம். பாஸ் பண்ணினால் பட்டப்படிப்புக்குள் விடுவார்கள். ஃபெயில் என்றால் அந்த வழி மூடிவிடும். ஒரு தரம்தான்.

நான் எடுத்த பாடம், மத்தியகாலப் பல்கலைக்கழகங்களின் அகழாய்வும் ஆரம்ப வரலாறும். ஆசைப்பட்டுத் தெரிவு செய்தேன் என்று சொல்ல விருப்பம்தான். ஆனால் எனக்கு லீவு சனிக்கிழமை, சனிக்கிழமை நடந்தது அந்த ஒரு பாடம்தான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், எங்கள் நகரம் இருக்கிற தீவின் மேற்கு நுனியில், வயல் ஓரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையில் வகுப்பு. நாங்கள் குடியிருக்கிற அஹுன்ட்சிக்கிலிருந்து இவர்தான் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். அவருக்கும் டோர்வலில்தான் வேலை, பெட்டி ஏற்றுகிற பக்கம்.

பாரிஸையும் இத்தாலியையும் காட்டப் போகிறார்கள் என்று நினைத்துப் போனேன். முதல் நாள் திரையில் வந்தது வெயிலில் காய்கிற செங்கல் அத்திவாரம். பீகாரில் இருக்கிற நாளந்தா. வகுப்பில் இருந்த பதினொரு பேரும் என் ஊர்ப்படத்தைப் போட்டதுபோலத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாளந்தா எவ்வளவு தூரமோ எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் என்று விளங்கப்படுத்த என் பிரெஞ்சு காணாது. பொறுப்பானவள் மாதிரித் தலையை ஆட்டி வைத்தேன்.

பேராசிரியர் இங்கேயே பிறந்த பிரெஞ்சுக் கெபெக்காரர், அறுபது தாண்டியவர், நெடுவல். இடக்கையால் எழுதுவார். வெள்ளைப் பலகையில் அவர் எழுதிக்கொண்டு போக, அவருடைய சட்டைக்கையே பின்னால் அதை அழித்துக்கொண்டு போகும். சட்டையின் இடது மணிக்கட்டில் எப்போதும் நீல மை. எந்தச் சவர்க்காரம் போட்டால் அது போகும் என்று எனக்குத் தெரியும். மூன்று கிழமையாகச் சொல்ல வாய் உன்னினேன், சொல்லவில்லை.

ஆனால் மனுசன் சொல்லுகிற கதைக்குச் சோறு தண்ணி வேண்டாம். நாளந்தாவில் வரிசையாக விகாரைகள் இருந்தனவாம். நடுவில் முற்றம், கிணறு, சுற்றிவர அறைகள். ஊரவர்கள் அரிசியும் பாலும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். வாசலில் ஒரு காவலர் இருப்பாராம். தடி பிடித்த காவலர் இல்லை, படித்த மனுசன். உள்ளே வர நினைக்கிறவனை நிறுத்தி வைத்து அவர் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் உள்ளே போகலாம், தெரியாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். பத்தில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போனார்கள் என்று அங்கே போய்ப் படித்த ஒரு சீன யாத்திரிகர் எழுதி வைத்திருக்கிறாராம்.

மற்றவர்கள் அதைக் கேட்டு ஐயோ பாவம் என்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். எனக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வாசலில் யாரும் கடதாசி கேட்கவில்லை. முந்தி எங்கே படித்தாய், அத்தாட்சி எங்கே என்று கேட்கவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இவருக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

"நல்ல விசயம்தான்," என்றார் இவர். "ஆனா நீர் அந்த வாசலிலை நிண்டிருந்தால் முதல் அந்தாளின்ரை கதிரையைத் துடைச்சிருப்பீர்."

நூலகம் எரிந்த கதை ஒரு கிழமை வந்தது. எரிந்த நூலகத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தாளுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அன்றைக்கு நான் குறிப்பு எழுதவில்லை.

இன்னொரு கிழமை கையை உயர்த்தி, அவ்வளவு பெரிய இடத்தை யார் கூட்டினார்கள் என்று கேட்டேன். பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். இளைய துறவிகள் கூட்டியிருக்கலாம், அரசர்களையும் ஆசிரியர்களையும் எழுதி வைத்த அளவுக்கு இதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். எனக்கு அது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை.

பிறகு செய்முறைப் பரீட்சை வந்தது. கொட்டகைக்குள் பன்னிரண்டு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றும் குளியல் தொட்டி அளவு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பேராசிரியர் ஒரு துறவியின் அறையைச் சின்னதாகக் கட்டி மூடியிருந்தார். அடியில் செங்கல் தளம், படுக்கிற மேடை, சுவரில் விளக்கு மாடம். அதன்மேல் சாம்பல், கருகின அரிசி, உடைந்த சட்டி, பெயர் பொறித்த களிமண் முத்திரைகள். எல்லாவற்றுக்கும் மேலே இடிந்த மண். உண்மையான நாளந்தாவிலும் எரிந்த தளத்துக்கு மேலேயே அடுத்த தளத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். கூட்டாமல் மேலே பாய் விரிக்கிற ஆட்கள் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன்.

எங்கள் வேலை, மேலிருந்து ஒவ்வொரு படையாக எடுப்பது. ஒவ்வொரு படையையும் வரைவது, கிடந்ததைக் கிடந்த இடத்தில் குறிப்பது. மூன்று மணித்தியாலம் தந்தார். இதெல்லாம் எனக்கு நன்றாக விளங்கினது. பிரெஞ்சு விளங்கவில்லை என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. தலைக்கு விளங்கினது கைக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். சாம்பலைக் கண்டவுடன் கை தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. மண்ணை அள்ளிக் குப்பைவாளியில் போட்டேன். சாம்பலை வழித்துப் போட்டேன். கருகின அரிசி, அதுவும் வாளிக்குள். என் ஜக்கெட் பைக்குள் எப்போதும் ஒரு ஸ்பொஞ்ச் கிடக்கும், அதை எடுத்து விளக்கு மாடத்துக் கரியைத் துடைத்தேன். மூலையில் இருந்த சிங்க்குக்குச் சட்டித்துண்டுகளையும் முத்திரைகளையும் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு எல்லாவற்றையும் பெரியது சின்னது பார்த்துப் பேப்பர் துவாயில் அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். நாற்பது நிமிடம். மற்றவர்கள் முதலாவது படையையே தாண்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பேராசிரியர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். செங்கல் பளபளத்தது. துவாயைப் பார்த்தார்.

"முத்திரைகள் எங்கே, மடம்?"

துவாயில் சட்டித்துண்டு மட்டும்தான் இருந்தது. திரும்பிச் சிங்க்கைப் பார்த்தேன். சுடாத களிமண். கொஞ்சம் சேறு ஓட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கினது. மற்றது முன்னமே போய்விட்டது.

"நான் பார்த்த நாளந்தாக்களில் இதுதான் மிகத் துப்புரவானது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "நீங்கள் வாளிக்குள் போட்டதுதான் பரீட்சை" என்றார்.

சைபர். எழுத்துப் பரீட்சையில் எவ்வளவு எடுத்தாலும் செய்முறையில் பாஸ் பண்ணாவிட்டால் பாடம் ஃபெயில். கடைசிச் சனிக்கிழமை இன்னொரு முறை செய்யலாம் என்றார். அதுவும் போனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை சொன்ன வழி எனக்கு மூடிவிடும். காரில் ஏறியதும் அழுதேன்.

இவர் காரை எடுத்தார். பிறகு, "இஞ்சேரும், கிழமை முழுக்கக் குப்பையோடை மல்லுக்கட்டுறீர். சனிக்கிழமையும் தேடிப் போறது குப்பையையோ?" என்றார்.

"அது குப்பை இல்லையாமப்பா. அதுதான் என்ரை பிரச்சினை."

கையைப் பழக்க வேண்டும். அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். விறாந்தையில் இவர் இருக்கிற கதிரை, அதைச் சுற்றி ஒரு கிழமைக்குத் தும்புத்தடி படக் கூடாது. அந்தக் கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை அரித்தது. கண்ணை மூடிக்கொண்டு குசினிக்குள் போவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முழங்காலில் இருந்து, ஒரு தேக்கரண்டியும் மகளின் பழைய வர்ணத் தூரிகையுமாகக் கதிரையடியைத் தோண்டினேன். மகள் வாசலில் நின்று போனில் படம் எடுத்தாள். மேலே இலவசப் பேப்பர் கிழிசல். அதற்குக் கீழே நாலு டொஃபிக் கடதாசி. அதற்கும் கீழே கடலைத்தோல். குஷனைத் தூக்கினால் அங்கே இன்னும் இரண்டு டொஃபிக் கடதாசி. இவருக்குச் சீனி வருத்தம். இனிப்பை விட்டு இரண்டு வருடம் என்று டொக்டரிடமும் என்னிடமும் சத்தியம் பண்ணின மனுசன்.

"அது பழசா இருக்கும்," என்றார்.

"பழசில்லை. கடலைத்தோலுக்கு மேலை கிடந்தது. கடலை வாங்கினது செவ்வாய்க்கிழமை."

"முந்தி ஆரும் வந்த ஆக்கள் போட்டிருப்பினம்."

"வந்த ஆக்கள் உங்கடை குஷனுக்குக் கீழை கையை விட்டு ஒளிக்க மாட்டினம்."

மகள் சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போட்டாள். "அப்பா, போதும், ஒத்துக்கொள்ளுங்கோ" என்றாள். இவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "உமக்கு இந்தப் படிப்புச் சரிவராது" என்றார். எனக்கோ படிப்புச் சரிவருகிறது என்று முதல்முதலாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு விமானத்துக்குள் ஏறினாலும் கண் வேறு மாதிரிப் பார்த்தது. சன்னல் கண்ணாடியில் நெற்றி வைத்த எண்ணெய்த் தடம் இருந்தால் அந்த ஆள் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. மூன்று ஆசனத்துக்கும் நடுவில் கைப்பிடி தூக்கியிருந்தால் குடும்பம். ஒரு வரிசையில் கசக்கின டிஷு மட்டும் நிறையக் கிடக்கும், சாப்பாட்டுத் தட்டு திறந்தே இராது. யாரோ செத்தவீட்டுக்குப் போகிறார்கள், அல்லது போய்விட்டு வருகிறார்கள். இதெல்லாம் எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். தெரியுமா என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் அதைப் படிப்பென்று நினைத்ததில்லை. பார்த்துவிட்டுத் துடைத்தேன். வேலை வேலைதானே.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. எல்லாருமாக எழுத்துப் பரீட்சையை எழுதி முடித்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். கொட்டகைக்குள் ஒரே ஒரு பெட்டி. பேராசிரியர் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் புள்ளித்தாளை வைத்துக்கொண்டு இருந்தார். முடித்ததும் அங்கே வந்து அவர் கேட்கிறதுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாசலையும் மனுசனையும் பார்க்க எனக்கு நாளந்தாவின் காவலர்தான் நினைவுக்கு வந்தார். ஸ்பொஞ்சை இவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மூன்று மணித்தியாலமும் எடுத்தேன். மண், பிறகு சாம்பல், பிறகு அரிசி. ஒவ்வொன்றையும் வரைந்தேன். முத்திரைகளைத் தொடவே பயந்து, கிடந்த இடத்திலேயே விட்டு அளந்தேன். கடைசியாகச் சாம்பலைத் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டு வர, தளத்தில் படிந்திருந்த மெல்லிய மணலில் கோடுகள் தெரிந்தன. வளைந்து வளைந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

கூட்டின அடையாளம். உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டென்றால் அது கூட்டின அடையாளம். வலக்கைக்காரர் கூட்டினால் அந்த வளைவு ஒரு பக்கம் சாயும். இது மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது. வாசலோரம் ஒரு மூலையில் தூரிகை படவே இல்லை. அவசரத்தில் கூட்டின கை. முழங்காலில் இருந்தபடியே திரும்பி வாசலைப் பார்த்தேன். ஸ்டூலில் இருந்தவர் புள்ளித்தாளில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். இடக்கை. மணிக்கட்டில் நீல மை.

சொல்வதா விடுவதா என்று பத்து நிமிடம் யோசித்தேன். பெட்டிக்குள் இருப்பது துறவியின் அறை. துறவியைப் பற்றிச் சொன்னால் போதும், பாஸ். பரீட்சை எடுக்கிறவரிடம் போய் நீ மூலையைக் கூட்டவில்லை என்று சொல்லி, முப்பது வருடமாகக் காத்திருந்ததைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? ஆனால் பெட்டி சொல்கிறதை மட்டும் சொல்லுங்கள் என்று முதல் நாளிலிருந்து படிப்பித்தவரும் அவர்தான். எழும்பி வாசலுக்குப் போனேன்.

கேட்டார், சொன்னேன். ஒருவர் தங்கின அறை. மேடையில் தலைமாடு விளக்கு மாடத்துப் பக்கம், படுத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். அரிசி சமைக்க வைத்திருந்தது இல்லை, சாக்கோடு எரிந்திருக்கிறது. தீ வாசல் பக்கத்தால் வந்திருக்கிறது, அந்தப் பக்கத்துச் செங்கல்தான் கூடுதலாகக் கறுத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி எழுதினார்.

"கடைசிக் கேள்வி. தீக்கு முன்னால் இந்த அறையில் கடைசியாக நின்றது யார்?"

"நீங்கள்," என்றேன்.

எழுதின கை நின்றது. என் பிரெஞ்சு தடுமாறத் தொடங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். சாம்பலுக்குக் கீழே கூட்டியிருக்கிறது. கூட்டினவருக்கு இடக்கை. அவசரம். வாசல் மூலையை விட்டுவிட்டார்.

பேராசிரியர் எழும்பிப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். முழங்கால் இரண்டும் சடக்கென்றன. நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கினது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன், சிரிக்கிறார். வியாழக்கிழமை பின்னேரம் சாம்பல் போடுவதற்கு முன் மணல் கொட்டுப்பட்டுவிட்டதாம். வெளியே மனைவி காரில் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்ததால் சும்மா நாலு இழுவை இழுத்துவிட்டுச் சாம்பலைக் கொட்டி மூடிவிட்டாராம்.

"இத்தனை வருடமாக இந்தப் பெட்டிகளைச் செய்கிறேன். எல்லாரும் துறவியைத்தான் கண்டுபிடித்தார்கள்," என்றார். பிறகு ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, நான் போவதற்கு வாசலில் வழி விட்டு நின்றார். புள்ளி எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு திரும்பிப் போய், சட்டை மைக்கு எந்தச் சவர்க்காரம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கடிதம் மூன்று கிழமை கழித்து வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் உறையைத் திறக்காமலே மகளிடம் கொடுத்தேன். அவள் பிரெஞ்சில் சத்தமாக வாசித்தாள். வரலாற்றுத் துறை. பட்டப்படிப்பு. முதலாம் வருட மாணவி.

"திருப்பி வாசி," என்றேன்.

"எதை, அம்மா?"

"கடைசி வரியை."

வாசித்தாள். முதலாம் வருட மாணவி. யாழ்ப்பாணத்தில் நான் முடிக்காமல் விட்டுவிட்டு வந்தது அந்த முதலாம் வருடத்தைத்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மகள் உள்ளே ஓடிப்போய்த் தன் பட்டமளிப்புத் தொப்பியைக் கொண்டுவந்து, "நாலு வருசத்துக்குப் பிறகு போடுறதை இப்பவே பழகுங்கோ" என்று என் தலையில் வைத்தாள். இந்த முறை திருப்பிக் கேட்கவில்லை.

இவர் கதிரையில் இருந்தபடி மூக்கை உறிஞ்சினார். பிறகு குஷனுக்குக் கீழே கையை விட்டு ஒரு டொஃபியை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே கடதாசியை உரித்தார்.

"இண்டைக்கு மட்டும்," என்றார்.

கடதாசி கதிரையடியில் விழுந்தது. மற்ற நாளென்றால் அது நிலத்தில் படுவதற்கு முன்னம் என் கை போயிருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கிழமை முழுக்க அதை ஒருவரும் எடுக்க நான் விடவில்லை.